எட்டு மணி மாத்திரை

'நெஞ்சு' என்ற சொல்லை வகுப்பில் விளக்க நேரும்போதெல்லாம் மாணவர்களுக்கு ஒரு சிறு தடுமாற்றம் ஏற்படுவதைக் கவனித்திருக்கிறேன். திருக்குறளின் காமத்துப்பாலில் 'நெஞ்சொடு கிளத்தல்' என்றோர் அதிகாரம், 'நெஞ்சொடு புலத்தல்' என்று இன்னோர் அதிகாரம். நெஞ்சை எதிரே நிற்கும் ஓர் ஆளாக்கி அதனிடம் பேசுவதும் அதைக் கடிந்துகொள்வதும்தான் அவற்றின் பொருள். "ஐயா, இது மனசா, ஹார்ட்டா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். இரண்டும்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த குறளுக்குப் போய்விடுவேன். வகுப்பறையில் அந்த விடை போதும். மருத்துவமனையில் போதாது. அங்கே இதயத்துக்கு ஒரு கட்டடம், மனத்துக்கு வேறொரு கட்டடம். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நோயாளிதான் நடந்து கடக்க வேண்டும். அந்த நடை என் அக்காவுக்கு நேர்ந்தது. அதைப் பற்றி எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "பேர் போடாம எழுது" என்றாள்.

அக்கா இருப்பது பெரிய முதலியார்சாவடியில். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கோட்டக்குப்பம் தாண்டி வருகிறவர்கள் ஆரோவில்லுக்கு இடப்புறம் திரும்பும் பகுதி என்று சொன்னால் பலருக்கு அடையாளம் தெரியும். சாவடி என்றால் வழிப்போக்கர் தங்குமிடம். அக்கா கல்யாணமாகி வந்து தங்கியதும் அங்கேதான். நாங்கள் பிறந்தது இன்னும் வடக்கே, மரக்காணத்தில். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. கல்லூரிக்கு வந்த பிறகு அதைப் படித்து நான் பெருமைப்பட்டதும் உண்டு. அப்பாவுக்கு அந்தப் பெருமை தெரியாது. அவர் உப்பளத்துக் கூலி. தைக்குப் பிறகு பாத்தி மிதிப்பார்கள். வெயில் ஏற ஏற உப்பு வாருவார்கள். ஐப்பசி மழை இறங்கினால் அளம் நீரில் மூழ்கிவிடும், வீட்டில் அடுப்பும் பாதி நாள் மூழ்கிவிடும். ஒற்றை அறையில் ஏழு பேர் படுத்துறங்கிய வீடு அது.

அந்த ஒற்றை அறைக்கும் அக்காவின் இதயத்துக்கும் தொடர்பு உண்டு என்பதைப் பின்னாளில்தான் அறிந்தோம். நெருக்கமாக வாழும் பிள்ளைகளிடையே எளிதில் பரவுவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் தொண்டைக் கிருமி. அதை எதிர்த்துக் கிளம்பும் உடலின் காப்புச் சக்தி சிலருக்கு ஆள் மாறாட்டமாகத் தம் மூட்டுகளையும் இதய வால்வுகளையுமே தாக்கிவிடுகிறது. இதை வாதக் காய்ச்சல் என்கிறார்கள். மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் நோய் என்று மருத்துவர்களிடையே ஒரு வழக்குமொழி உண்டு. 1978-ல் அக்காவுக்குப் பத்து வயது. முழங்கால் வீங்கிப் படுத்தாள். உப்புக் காற்று என்றார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள், வீக்கம் வடிந்தது. கடி உள்ளே தங்கிவிட்டது. முதல் பிரசவத்தின்போது மூச்சு வாங்கியபோதுதான் மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பது தெரிய வந்தது. அடுத்த ஆண்டு சென்னையில் பலூன் வைத்து அதை விரித்தார்கள். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் அவள் எல்லோரையும்போல் இருந்தாள்.

2014-ல் நாடி தாளம் தப்பியது. 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று எழுதிக்கொடுத்தார்கள். இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு, நடுங்க மட்டும் செய்கின்றன. நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கும், தேங்கியது உறையும், உறைந்த துணுக்கு ஒருநாள் கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்வுக் கோளாறு இல்லாதவர்களுக்கே இந்தத் தாளப் பிழை பக்கவாத அபாயத்தை ஏறக்குறைய ஐந்து மடங்காக்குகிறது என்று அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வு 1991-ல் கணக்கிட்டது. சுருங்கிய வால்வும் சேர்ந்தால் அது இன்னும் பல மடங்கு. ஆகவே ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுவதும் மாத்திரை. அக்காவுக்குக் கொடுத்தது அசெனோகூமரால். நம் பக்கத்து மருந்துக் கடைகளில் 'அசிட்ரோம்' என்று கேட்டால் கொடுப்பார்கள்.

*

இந்த மருந்துக் குடும்பத்தின் கதையை நான் தேடிப் படித்தேன். இலக்கியம் படித்தவனுக்கு நோயைவிட நோயின் கதையே முதலில் கைக்கு அகப்படுகிறது.

1933-ஆம் ஆண்டு பிப்ரவரி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எட் கார்ல்சன் என்ற விவசாயியின் மாடுகள் ரத்தம் கசிந்து செத்துக்கொண்டிருந்தன. பனிப்புயலில் ஏறத்தாழ 190 மைல் வண்டி ஓட்டிக்கொண்டு, ஒரு செத்த கிடாரி, ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தம், கெட்டுப்போன வைக்கோல் ஆகியவற்றோடு அவர் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அகப்பட்டவர் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளர். பூசணம் பிடித்த அந்தத் தீவனத்தில் ரத்தத்தை உறையவிடாமல் செய்தது எது என்று கண்டுபிடிக்க லிங்க்கின் குழுவுக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. அந்த வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகத்தான் சந்தைக்கு வந்தது. மனிதனுக்குக் கொடுக்க யாருக்கும் துணிவில்லை. 1951-ல் அமெரிக்கப் படையில் சேர்ந்த ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணி இந்த மருந்தை உட்கொண்டார். மருத்துவமனையில் வைட்டமின் கே கொடுத்தார்கள். அவர் முழுமையாகப் பிழைத்தெழுந்தார். இதை மனித உடல் தாங்கும், மீறினால் மாற்று மருந்தும் இருக்கிறது என்ற நம்பிக்கை மருத்துவ உலகுக்கு வந்தது அதன் பிறகுதான். 1954-ல் மனிதர்க்கான மருந்தாக அது ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டே மாரடைப்புக்குள்ளான குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கும் கொடுக்கப்பட்டது.

மருத்துவ வரலாறு அந்தப் படைவீரரை ஒரு திருப்புமுனையாக மட்டும் குறித்துக்கொண்டு கடந்துவிடுகிறது. அவருக்கு என்ன துயரம், பிழைத்த பிறகு என்ன ஆனார் என்பதைப் பற்றி நான் படித்தவற்றில் ஒரு வரிகூட இல்லை. இந்த மருந்தின் பிறப்பிலேயே ஒரு மனிதனின் மனம் இருக்கிறது, அதை யாரும் விசாரிக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. அக்காவின் விஷயத்திலும் முதலில் அதுதான் நடந்தது.

*

மாத்திரை சிறியது, அதைச் சார்ந்த வாழ்க்கை பெரியது. ஐஎன்ஆர் என்றொரு ரத்தப் பரிசோதனை உண்டு. அக்கா போன்றவர்களுக்கு அது இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் உறையும், மிகுந்தால் கசியும். மருந்து மறிப்பது வைட்டமின் கேயின் வேலையை. முருங்கைக் கீரையிலும் பிற கீரைகளிலும் நிறைந்திருப்பதும் அதே வைட்டமின்தான். கீரையை விட்டுவிட வேண்டியதில்லை. ஒரு வாரம் கட்டுக்கட்டாகத் தின்றுவிட்டு மறு வாரம் மறந்துபோவதுதான் கூடாது. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் மாத்திரை கூடாது. நாட்டு மருந்தை மருத்துவரிடம் சொல்லாமல் சேர்க்கக் கூடாது. பல் பிடுங்கப் போனாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகள் வந்துவிட்டனவே என்று நானும் ஒருமுறை மருத்துவரிடம் கேட்டேன். வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களுக்கு அவை பொருந்துமா என்று 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பார்த்திருக்கிறார்கள். இன்விக்டஸ் என்ற அந்த ஆய்வு 2022-ல் வெளியானது. பழைய மருந்து எடுத்தவர்களிடையேதான் சாவு குறைவாக இருந்தது. ஆகவே பழைய மாத்திரை, பழைய பரிசோதனை.

இவ்வளவையும் சுமந்தது அக்கா அல்லள், மாமா. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் அவருக்கு இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் கடை இருந்தது. இரவு எட்டு மணிக்குக் கடையை அடைத்துவிட்டு வருவார். கொல்லையில் சோப்புப் போட்டு முழங்கைவரை கிரீஸைக் கழுவுவார். துடைத்த கையோடு மாத்திரை அட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கி அக்காவின் உள்ளங்கையில் வைப்பார். அதன் பிறகுதான் இருவரும் சாப்பிடுவார்கள். ஒன்பது ஆண்டுகள் அது ஒருநாளும் தவறியதில்லை. ஐஎன்ஆர் அட்டையில் எல்லா எண்களும் ஒழுங்காக இருந்தன. மருத்துவமனையில் அக்காவை நல்ல நோயாளி என்று பாராட்டினார்கள்.

2023 செப்டம்பரில் மாமா மாரடைப்பில் இறந்தார். நோயாளி அக்கா, போனவர் மாமா.

அவ்வாண்டு கார்த்திகை மார்கழியில் அக்கா மெலிந்துகொண்டே போனாள். தூக்கமில்லை, பசியில்லை. துக்கம்தானே, ஆறும் என்றார்கள் உறவினர். 2024 பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு வலக்கையிலிருந்து காபி டம்ளர் நழுவி விழுந்தது. பேச முயன்றால் சொல் குழறியது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. வந்து மறையும் சிறு பக்கவாதம் என்றார்கள்; பெரியது பின்னால் வருகிறது என்பதற்கான முன்னறிவிப்பு. ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஐஎன்ஆர் 1.1. மருந்தே எடுக்காதவர்களின் எண் அது. மருமகள் அலமாரியைத் திறந்தாள். மாதாமாதம் மகன் வாங்கிவந்த அட்டைகள் பிரிக்கப்படாமல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

அன்று பணியிலிருந்த மருத்துவர் இளைஞர். வெளியே நூறு பேர் காத்திருந்தார்கள். "ஏம்மா, உயிர் மேல ஆசை இல்லியா உங்களுக்கு?" என்று அதட்டினார். அதட்டலுக்காகக் கேட்கப்பட்ட கேள்வி அது. விடை எதிர்பார்த்தது இல்லை. அக்கா அதற்கு உண்மையான விடையையே சொன்னாள். "இல்ல சார்" என்றாள். அவர் அதை வீம்பு என்று எடுத்துக்கொண்டார். 'மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாதவர்' என்று ஆங்கிலத்தில் சீட்டில் எழுதிவிட்டு அடுத்தவரை அழைத்தார்.

அவரை நான் குறை கூற மாட்டேன். அந்தக் கூட்டத்தில் யாராயினும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் சீட்டில் எழுதப்படாமல் போன அந்த 'இல்ல சார்' தான் நோயின் பாதி.

*

மாத்திரையை நிறுத்துகிறவர்கள் ஒரே காரணத்துக்காக நிறுத்துவதில்லை. பல் துலக்கும்போது ரத்தம் கண்டு பயந்து நிறுத்துகிறவர் உண்டு. பரிசோதனைக்கு ஒருநாள் கூலி போகிறதே என்று நிறுத்துகிறவர் உண்டு. எங்கள் அளத்துப் பக்கத்தில் இதுவே அதிகம். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று நிறுத்துகிறவர் உண்டு. இவர்களிடமெல்லாம் வாதாடலாம், விளக்கினால் கேட்பார்கள்.

அக்காவின் காரணம் வேறு. வலி மாத்திரை வலியைத் தீர்க்கிறது; போட்டவருக்கே அது தெரியும். ரத்தம் உறையாமை மாத்திரை எதையும் தீர்ப்பதில்லை. அது நடக்காத ஒன்றுக்கான மருந்து. இன்று விழுங்குவதன் பயன், என்றோ ஒருநாள் ஒன்று நிகழாமல் இருப்பது. அந்த 'என்றோ ஒருநாள்' தனக்கு வேண்டும் என்று நினைப்பவர்தான் அதை விழுங்க முடியும். மனச்சோர்வு முதலில் அழிப்பது அந்த நாளைத்தான். அக்கா சாக முயலவில்லை. வாழ்வதற்காகச் செய்ய வேண்டிய சிறு வேலையைச் செய்யாமல் விட்டாள், அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் வேறுவேறாகத் தெரியும். உள்ளே அவற்றுக்கிடையே அவ்வளவு தூரம் இல்லை.

"இன்னாத்துக்குடா தம்பி கட்டிக் காப்பாத்தணும்? அது பாட்டுக்கு நிக்கட்டும்" என்று அவள் என்னிடம் சொன்னபோது குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

மனநல மருத்துவரிடம் போகலாம் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தலைமுறைக்கு அந்தச் சொல்லோடு சேர்ந்து நினைவுக்கு வருவது ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பியோட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அந்தக் காட்சிகளை அவள் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறாள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எவரையும் சங்கிலியிடக் கூடாது என்கிறது என்றெல்லாம் நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. மருமகள்தான் வழி கண்டாள். "அத்தை, தூக்கத்துக்கு மட்டும் கேட்டுட்டு வந்துருவோம்" என்றாள். தூக்கம் என்றால் கௌரவமான நோய். அக்கா கிளம்பினாள்.

அங்கிருந்தவர் நடுத்தர வயதுப் பெண் மருத்துவர். முதலில் இரண்டு கேள்விகள் கேட்டார். கடந்த இரண்டு வாரமாக எதிலும் நாட்டமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருக்கிறதா? மனம் தளர்ந்து, நம்பிக்கையற்று இருக்கிறதா? இதய நோயாளிகளிடம் மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் இந்த இரண்டையும் கேட்கிறார்கள் என்பதைப் பின்னர் படித்தேன். கேட்க ஒரு நிமிடம் ஆகாது. இரண்டுக்கும் அக்கா தலையசைத்தாள். அதன் பிறகு அவர் எந்தப் படிவத்திலும் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார். "அந்த மாத்திரைய வழக்கமா எத்தன மணிக்குச் சாப்பிடுவீங்க? யாரு எடுத்துக் குடுப்பாங்க?"

மாமா இறந்த பிறகு அக்கா வாய்விட்டு அழுததை அன்றுதான் பார்த்தேன்.

எட்டு மணி ஆனாலே கொல்லைப்பக்கம் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்பதுபோல் இருக்கும் என்றாள். அட்டையைத் தொட்டால் கை நடுங்கும் என்றாள். மாமாவின் கை இல்லாமல் தானே பிதுக்கிப் போட்டுக்கொண்டால் அவர் போனதைத் தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றும் சொன்னாள். அவள் மறந்ததும் இல்லை, வீம்பு பிடித்ததும் இல்லை. அந்த மாத்திரை அவளுக்கு மருந்தாக இருந்ததைவிட ஒன்பது ஆண்டுத் தாம்பத்தியமாக இருந்ததுதான் அதிகம்.

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறார் வள்ளுவர்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதைக் கொடுப்பவன். நான்காவது ஆளைத் தேர்வுக்கு எழுதவேண்டிய ஒரு பட்டியலின் கடைசி உருப்படியாகத்தான் மாணவர்கள் படிக்கிறார்கள். மருத்துவமனைச் சீட்டில் முதல் மூவருக்கும் இடம் இருக்கிறது. நான்காவது ஆள் செத்துப்போனால் அதை எழுத அங்கே கட்டம் இல்லை.

*

பிறகு நடந்தவை எளியவை, மெதுவாக நடந்தவை. மனச்சோர்வுக்கான மாத்திரைகளில் பல, ரத்தம் உறையாமை மாத்திரையோடு சேரும்போது கசிவைக் கூட்டக்கூடியவை. ஃபுளுவாக்ஸெடின் போன்ற சில, பழைய உறையாமை மருந்துகளின் அளவையே ரத்தத்தில் ஏற்றிவிடும். ஆகவே மனநல மருத்துவர் இதய மருத்துவருக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். அவரும் பதில் எழுதினார். இரண்டு கட்டடங்களும் பேசிக்கொண்டன. மனத்துக்கான மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கினார்கள். முதல் சில வாரங்கள் ஐஎன்ஆர் அடிக்கடி பார்த்தார்கள். ஈறிலோ மலத்திலோ ரத்தம் கண்டால் உடனே வரச் சொன்னார்கள்.

மாத்திரை நேரத்தையும் மருத்துவரைக் கேட்டு மாற்றினார்கள். இப்போது மாலை ஆறு மணி. பேத்தி டியூஷன் முடிந்து வரும் நேரம். அவள் பிதுக்கிக் கொடுத்துவிட்டு, நாள்காட்டித் தாளில் பேனாவால் ஒரு கோடு போடுவாள். முதல் மாதத்தில் மூன்று நாள் கோடு இல்லை. யாரும் அதட்டவில்லை. இரண்டாம் மாதத்தில் ஒருநாள். அக்காவின் துயரம் போய்விட்டதா என்றால், இல்லை. ஏப்ரல் வாக்கில் ஒருநாள் மீன் குழம்பில் உப்புக் குறைகிறது என்று மருமகளிடம் சண்டை போட்டாள். வீட்டிலுள்ளவர்களுக்கு அது நல்ல சேதியாக இருந்தது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. மரக்காணத்து அளங்கள் கடலா நிலமா என்று தெரியாமல் கிடந்தன. மின்சாரம் இல்லை, பேருந்து இல்லை. அந்த வாரத்துப் பரிசோதனைக்கு அக்காவால் போக முடியவில்லை. செல்பேசி எடுபட்ட முதல் நாளில் நான் பேசினேன். மாத்திரை எவ்வளவு இருக்கிறது என்று கேட்க வாயெடுப்பதற்குள் அவளே சொன்னாள்: "பதினஞ்சு நாளுக்கு இருக்குதுடா. புயல்னு சொன்ன அன்னிக்கே வாங்கி பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு மேல வச்சுட்டேன்." அந்த 'என்றோ ஒருநாள்' அவளிடம் திரும்பி வந்திருந்தது. பதினைந்து நாள் அளவுக்கு.

இதை வாசிக்கும் நண்பர்கள் பலருடைய வீடுகளிலும் ஏதேனும் ஒரு வாழ்நாள் மாத்திரை இருக்கும். பெற்றோரோ உடன்பிறந்தவரோ அதை நிறுத்திவிட்டால், மருந்தின் அருமையை விளக்குவதற்கு முன் அந்த இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். விடை ஆம் என்றால் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 2022-ல் தொடங்கப்பட்ட டெலிமானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். நிறுத்தியவர் தாமாகவே பழைய அளவில் மறுபடி தொடங்கவோ, விட்டதைச் சேர்த்து இரட்டிப்பாக விழுங்கவோ வேண்டாம். மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

சென்ற மாதம் அக்காவின் ஐஎன்ஆர் 2.4. நான் போயிருந்த அன்று கடலோரக் குப்பத்திலிருந்து ஓர் அம்மாள் அவளைத் தேடி வந்திருந்தார். அவருக்கும் அதே மாத்திரையைப் புதிதாக எழுதிக்கொடுத்திருக்கிறார்களாம். கீரை சாப்பிடலாமா, கருவாடு சாப்பிடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். பிறகு, "அதெல்லாம் கெடக்கட்டும்மா, ராத்திரியில வூட்ல உன்கூட யாரு இருக்காங்க?" என்று கேட்டாள்.